ஐப்பசிக்கு முன்னால் ஒரு கூட்டம்: தாமிரபரணிக் கரை மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும், குழுவில் கணக்கு எழுதும் அக்கா தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் எங்கள் குழுவுக்குக் கணக்கு எழுதினேன். இந்த மடலை அதிகாரிகளுக்குத்தான் முதலில் எழுத நினைத்தேன். யோசித்துப் பார்த்ததில், வெள்ளத்திலிருந்து வீட்டுக் காகிதங்களைக் காப்பாற்ற நான் கேட்கப்போகிற காரியத்தைச் செய்ய உங்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை என்று பட்டது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் ஜன்னல் கம்பி வரைக்கும் ஏறியது. கரண்டும் இல்லை, போனில் டவரும் இல்லை.

தண்ணீர் வடிந்த முதல் வாரம் மையத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நிவாரணத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து வந்தவர்கள் கையில் ஒரு பை இருந்தது. மஞ்சள் பை, ஜவுளிக்கடைக் கவர், சேலை வைக்கிற ஜிப் கவர், மருந்துக்கடைப் பிளாஸ்டிக் பை. உள்ளே சேறும் காகிதமும் ஒன்றாகக் கிடந்தன. "எழுத்து இருக்கான்னு பாரு தாயி" என்பார்கள். பையை மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அதில் ஒரு அம்மா. எழுபது வயதிருக்கும். புருஷன் இறந்து பல வருடம். 1987இல் அவர் வாங்கிய மூன்றரை சென்ட் இடத்தின் பத்திரம். பீரோவின் அடித்தட்டில், லாக்கருக்குக் கீழே, புடவை மடிப்புக்கு நடுவில் இருந்தது. நம் வீடுகளில் பத்திரம் இருக்கிற இடம் அதுதான். வெள்ளம் முதலில் ஏறுகிற இடமும் அதுதான். பீரோக் கதவு சேற்றில் இறுகிப் போய், கடப்பாரை போட்டுத் திறந்திருக்கிறார்கள். முத்திரைத்தாள் ஆறும் ஒட்டி ஒரே அட்டை மாதிரி ஆகியிருந்தது. ஒரு மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அந்த அம்மாவின் பேரன் அவசரத்தில் நகத்தால் பிரித்துப் பார்த்ததில் முதல் தாளில் பாதி கிழிந்து கையோடு வந்திருந்தது.

நனைந்த காகிதம் முதல் இரண்டு நாளைக்குள் கைக்கு வந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். இதை அன்றைக்கே தெரிந்துவைத்திருந்தால் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பேன். ஈரமாக இருக்கும்போது பிரிக்கக் கூடாது. ஒரு தட்டில் நல்ல தண்ணீர் விட்டு, காகிதத்தை அப்படியே வைத்து, சேறு தானாகக் கழன்று போக விட வேண்டும். தேய்க்கக் கூடாது. பிறகு பருத்திச் சேலைமேலோ கொசுவலைமேலோ பரப்பி நிழலில் காற்றாட விட வேண்டும். வெயிலும் ஆகாது, இஸ்திரிப் பெட்டியும் ஆகாது. முக்கால்வாசி காய்ந்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலை ஓரத்தில் நுழைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நடுவில் வெள்ளைத் தாள் வைக்கலாம். அவ்வளவு நேரம் இல்லையென்றால் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கரண்ட் இருக்கிற ஊரில் சொந்தக்காரர் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது. ஒரு மாதம் கழித்து எடுத்துக்கூட நிதானமாகக் காயவைக்கலாம். கல்யாண ஆல்பத்துக்கும் இதே கதைதான். ஃபோட்டோக்கள் ஈரத்தில் ஒட்டி அப்படியே காய்ந்துவிட்டால், பிறகு பிரிப்பது ரொம்பக் கஷ்டம்.

அந்த அம்மாவின் பத்திரம் வந்தபோது பத்து நாள் தாண்டியிருந்தது. மசி கரைந்து, பதிவு முத்திரை ஊதாக் கறையாகப் பரவியிருந்தது. "ஆவண எண் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. "சர்வே நம்பர்?" தெரியவில்லை. வீட்டு வரி ரசீது, கரண்ட் அட்டை எல்லாம் அதே பையில் கூழாகிக் கிடந்தன. ஓர் அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்திருக்கிறார்கள். நான்கு தடவையும், எண் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

கடைசியில் வழி கிடைத்தது பக்கத்து வீட்டிலிருந்து. அவர்களின் பத்திரம் மாடியில் இருந்ததால் தப்பியிருந்தது. அதில் நான்கெல்லை சொல்கிற இடத்தில் இந்த அம்மாவின் புருஷன் பெயர் இருந்தது, சர்வே எண்ணும் இருந்தது. 1975க்குப் பிந்தைய வில்லங்க விவரங்களை, அதாவது ஓர் இடத்தை யார் யார் வாங்கி விற்றார்கள் என்ற பதிவுகளை, பதிவுத்துறை இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தச் சர்வே எண்ணைப் போட்டு ஒவ்வொரு வருடமாகத் தேடி, 1987இல் அவர் பெயரைப் பார்த்தபோது, அந்த அம்மா திரையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஆவண எண் கிடைத்தது. அதை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க, எல்லாம் சேர்த்து இரண்டரை மாதம் ஆனது. எண் கையில் இருந்திருந்தால் இதில் முக்கால்வாசி அலைச்சல் இருந்திருக்காது.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். பதிவான காகிதம் போனால் அரசாங்கத்திடம் இன்னொரு பிரதி இருக்கிறது. கிரயப் பத்திரத்துக்கு இருக்கிறது, பட்டாவுக்கு இருக்கிறது, பிறப்புச் சான்றுக்கு இருக்கிறது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கு இருக்கிறது. அதை எடுத்துத் தரச் சொல்வதற்கு எண்ணும் வருடமும் அலுவலகத்தின் பெயரும் வேண்டும். அந்த மூன்றும் எழுதிய ஒரே ஒரு தாள், வெள்ளம் எட்டாத வேறொரு ஊரில் இருந்தால் போதும்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? 1989இல் தருமபுரியில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து நம் குழுக்களைத் தாங்கி நிற்பது எழுத்துதான். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் பதிவு என்று பஞ்ச சூத்திரம் படித்தோமே, அதில் ஐந்தாவது இல்லாமல் மற்ற நான்கும் நிற்காது. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு. ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண்கள் எழுதிய பேரேட்டை வங்கி மேலாளர் பார்த்து, ஒரு பிழையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெள்ளத்தன்று எங்கள் ஊரில் ஒரு அக்கா தன் வீட்டுச் சாமான் எதையும் எடுக்காமல் குழுவின் பேரேடுகளை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஏறினார்கள். ஊர்ப் பெண்களின் சேமிப்பு அது என்கிற பொறுப்பு. அதே அக்காவின் வீட்டுப் பட்டாவும் பிள்ளைகளின் சாதிச் சான்றும் தண்ணீரோடு போய்விட்டன. குழுக் கணக்கை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிற கைக்கு, சொந்த வீட்டுக் காகிதம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்று புருஷனைக் கைகாட்டுவோம். அவருக்கு ஒன்று ஆனால்தான் பீரோவைத் திறக்கிறோம்.

எங்கள் குழுவிலேயே ஒரு தங்கச்சி. புருஷன் 44 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இன்சூரன்ஸ் எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள். பாஸ்புக்கில் பதிவு போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போட்டுப் பார்த்தால் மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்தம். அது பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா. வருடத்துக்கு 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். பக்கத்திலேயே 20 ரூபாய் என்று இன்னொரு வரி இருந்தால் அது விபத்துக் காப்பீடு. கணக்கு தொடங்கும்போது நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார், வீட்டில் சொல்ல மறந்திருப்பார். அந்த ஒரு வரியால் அவளுக்கு 2 லட்சம் கிடைத்தது. உங்கள் வீட்டுப் பாஸ்புக் எல்லாவற்றையும் இந்த வாரமே பதிவு போட்டு, 436, 20 என்ற எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாமினி யார் என்று வங்கியில் கேட்டு எழுதி வாங்குங்கள். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய கணக்கில் நாமினியாக இன்னும் அம்மா பெயரே இருக்கும். அந்த அம்மாவும் இருக்க மாட்டார்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை லேமினேஷன் செய்து வைத்திருந்தேன். பத்திரமாக இருக்கும் என்றுதான் செய்தேன். ஓரத்தில் ஊசி முனை அளவு பிரிந்திருந்த இடத்தில் தண்ணீர் உள்ளே போய்விட்டது. போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. ஒரு வாரத்தில் உள்ளுக்குள்ளேயே பச்சையாகப் பூஞ்சை. வெட்டித் திறந்தபோது அச்செழுத்து பிளாஸ்டிக்கோடு போனது, வெறும் தாள் என் கையில் நின்றது. தயவுசெய்து சூடு வைத்து ஒட்டுகிற லேமினேஷனை அசல் ஆவணத்துக்குச் செய்யாதீர்கள். செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது, வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கப் போனாலும் அதனால் சிக்கல் வரும். இரண்டு பக்கமும் திறந்து எடுக்கிற மாதிரியான தடித்த பிளாஸ்டிக் உறை போதும். அந்த உறைகளை எல்லாம் சேர்த்து, இறுக்க மூடுகிற ரப்பர் வளையம் வைத்த டப்பாவில் போட்டு, பரணிலோ மாடியிலோ வையுங்கள். சேலைக் கவர் தண்ணீருக்குத் தாங்காது. தையல் ஓட்டை வழியாக ஊறிவிடும். மடிக்கவும் வேண்டாம். பழைய பத்திரங்களில் முதலில் எழுத்து அழிவது மடிப்பில்தான்.

என் பட்டியலின் பதிவு எண் எப்படிக் கிடைத்தது தெரியுமா? திருப்பூரில் வேலை செய்கிற தம்பிக்கு எப்போதோ ஒரு வேலைக்காக நகல் ஒன்றை மெயிலில் அனுப்பியிருந்தேன். அது அவனிடம் கிடந்தது. இயற்கைப் பேரிடரில் பள்ளிச் சான்று இழந்தவர்களுக்கு அந்த இழப்பை உறுதிப்படுத்தி வருவாய்த்துறையே ஒரு சான்று கொடுக்கிறது. இ-சேவை மையத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம். அதை வைத்துத்தான் நகல் பட்டியலுக்குப் போட்டேன். இப்படி ஒரு சான்று இருப்பதே நிறைய பேருக்குத் தெரியாது.

போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், போதாதா என்று பல பேர் கேட்கிறார்கள். அந்தப் போனும் தண்ணீரில் போனதே! படம் எடுங்கள், ஆனால் அதை வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஆவணங்களைப் போனிலேயே வைத்துக்கொள்ள அரசு தரும் டிஜிலாக்கர் நல்லது. அதில் துறையே நேரடியாக வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017இல் விதி வந்துவிட்டது. நாமே படம் எடுத்து ஏற்றி வைத்ததற்கு அந்த மதிப்பு இல்லை. இன்னொன்று, ஆதாரை வைத்து டிஜிலாக்கர் திறக்க ஓடிபி வேண்டும், அது ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் வரும். ஆஃபர் கிடைக்கிறது என்று வருடம் ஒரு சிம் மாற்றுகிறோம். பழைய எண் இன்றைக்கு யாரிடமோ இருக்கிறது. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

அரசாங்கத்திடம் பிரதி இல்லாத காகிதங்களும் நம்மிடம் உண்டு. அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைக் காகிதம், பதியாத ஒத்திச் சீட்டு, புரோநோட்டு, அடகுக்கடை ரசீது, தனியார் ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. இவற்றுக்கு எந்த எண்ணும் உதவாது, போனால் போனதுதான். முதல் நகல் இவற்றுக்கே எடுக்க வேண்டும். மெஷினில் அச்சாகி வரும் வழுவழுப்பான ரசீதுகள் வெள்ளம் இல்லாமலே நாளடைவில் வெளுத்துவிடும். அவற்றையும் ஜெராக்ஸ் எடுத்தால்தான் நிற்கும்.

வீட்டுக் கடன் அடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் முழுவதும் அடைத்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. கடன் முடிந்தும் "பத்திரம் அங்கேயே பத்திரமா இருக்கட்டும்" என்று விட்டுவைத்தவர்கள் இருக்கிறார்கள். போய் வாங்கி வாருங்கள்.

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன். ஐப்பசியில் மழை இறங்குவதற்கு முன்னால், புரட்டாசியில் ஒரு கூட்டத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். வழக்கமான சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் வீட்டுக் காகிதங்களைப் பார்த்து ஒரு தாள் எழுதட்டும். பத்திரத்தின் எண், வருடம், சார்பதிவாளர் அலுவலகம். பட்டா எண், சர்வே எண். பிள்ளைகளின் பிறப்புப் பதிவு எண். பத்து, பன்னிரண்டு எழுதிய மாதம், வருடம், பதிவு எண். ரேஷன் கார்டு, மின் இணைப்பு, கேஸ், பாலிசி, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எண்கள். எழுதத் தெரியாத அக்காமாருக்குப் பக்கத்தில் இருப்பவள் எழுதித் தரட்டும். எழுதும்போதே பிழைகள் தெரியவரும். ஆதாரில் "செல்வி", ரேஷன் கார்டில் "முத்துச்செல்வி", பட்டாவில் இன்னும் தாத்தா பெயர். பிறப்புச் சான்றில் குழந்தைக்குப் பெயரே ஏறியிருக்காது. ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இதையெல்லாம் சாவு வீட்டிலும் கல்லூரிச் சேர்க்கை வரிசையிலும் நின்று திருத்துவதைவிட, சும்மா இருக்கும் ஒரு மாதத்தில் திருத்துவது எவ்வளவோ சுலபம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அசல் எதையும் குழுவிடம் கொடுக்கக் கூடாது, குழுவும் வாங்கக் கூடாது. எழுதிய தாளும் குழுவின் பீரோவுக்கு வர வேண்டாம். அவரவர் கவரில் போட்டு ஒட்டி, வெளியூரில் அவரவர் நம்புகிற ஒருவருக்குப் போகட்டும். அம்மா வீடோ, கோயம்புத்தூரில் இருக்கும் மகளோ. ஏடிஎம் எண், ஓடிபி, பாஸ்வேர்டு எதுவும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது. ஆதார் ஜெராக்ஸ் யாருக்குக் கொடுத்தாலும், எதற்காக என்றும் தேதியையும் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுங்கள். வாசலுக்கு வந்து கடன் தருகிறவர்களிடம் விட்ட ஜெராக்ஸால், வாங்காத கடனுக்குத் தவணை கட்டிய பெண்களை என் மேசைக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன்.

ஊராட்சி அளவிலான கூட்டமைப்புத் தலைவிகளிடமும் ஒரு விண்ணப்பம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் ஆவணம் இழந்தவர்களுக்கு அரசு தனி முகாம்கள் நடத்தியது. நல்ல காரியம். அப்படி ஒரு முகாமை வெள்ளத்துக்கு முன்னால் நம் ஊரில் வைக்கச் சொல்லி கிராம நிர்வாக அலுவலரிடம் நீங்கள் மனு கொடுங்கள். பெயர்த் திருத்தம், பட்டா மாறுதல், பிறப்புச் சான்றில் பெயர் சேர்த்தல், ஆதாரில் போன் எண் மாற்றம், எல்லாம் ஒரே நாளில். பத்துக் குழு சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனுவை யாரும் சுலபமாக ஓரம் வைக்க மாட்டார்கள்.

எங்கள் குழு புரட்டாசி இரண்டாவது ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட மாடியில் உட்காருகிறது. தீர்மானம் எழுதியாகிவிட்டது. மாதிரித் தாள் தயாராக இருக்கிறது. உங்கள் ஊருக்கு வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துத் தருகிறேன். கூட்டத்துக்கு வரும் அக்காமார் பால்பாயிண்ட் பேனா கொண்டு வாருங்கள். ஜெல் பேனா வேண்டாம், பல ஜெல் பேனாக்களின் மசி தண்ணீர் பட்டால் நிற்காது.

அன்புடன்,
ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து உங்களில் ஒருத்தி